கருதப்படும் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் சித்தி வீட்டில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஓடிக்கிட்டிருந்துச்சு. மணிரத்னம் படம், 2002ல வந்தது. எத்தனாவது தடவைன்னு கணக்கில்லை, மறுபடியும் உட்கார்ந்துட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். இலங்கையில் போர். அகதியா ராமேஸ்வரம் வந்த ஷ்யாமா, குழந்தையைப் பெத்துப் போட்டுட்டுப் புருஷனைத் தேடித் திரும்பிப் போயிடுவா. எழுத்தாளர் திருச்செல்வன் அந்தக் குழந்தையைத் தத்தெடுக்கப் போவார். கல்யாணம் ஆகாதவருக்குத் தர முடியாதும்பாங்க. உடனே இந்திராகிட்ட போய் 'கட்டிக்கிறியா?'ம்பார். ஒன்பது வயசில் உண்மை தெரிஞ்சதும் அமுதா பெத்தவளைத் தேடிக் கிளம்புவா.

படம் முடிஞ்சதும் சித்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டு பீரோவிலிருந்து ஒரு பத்திரம் எடுத்துட்டு வந்தாங்க. 2005ல தங்கச்சியைத் தத்தெடுத்த பத்திரம். தத்து எடுப்பவர்னு சித்தப்பா பேர். சித்தி பேர் கீழே, 'எனக்குச் சம்மதம்'னு ஒரு வரியோட. "பாருடா, ராத்திரியெல்லாம் முழிச்சு வளர்த்தது நான். இதுல சாட்சிக் கையெழுத்து மாதிரி நிக்கிறேன்"னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. சென்னை வந்து சட்டத்தை எடுத்துப் படிச்சேன்.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். பழைய இந்து சாஸ்திர முறையில் தத்துன்னா ஆண் குழந்தைதான். கொள்ளி போட, பிண்டம் வைக்க, சொத்தைக் காப்பாத்த ஒரு பையன் வேணும். ஜான்சி ராஜா கங்காதர் ராவ் 1853ல சாகும் தறுவாயில் ஒரு பையனைத் தத்தெடுத்ததும் வாரிசுக்காகத்தான். டல்ஹௌசி அதை ஒத்துக்காம அடுத்த வருஷமே ஜான்சியைப் பிடுங்கிக்கிட்டார். மொத்தத்தில் தத்துங்கிறது பெரியவங்க தேவை. குழந்தைக்கு என்ன வேணும்னு யாரும் கேட்கலை.

1956ல இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்துச்சு. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம்னு ஆச்சு. பெரிய மாற்றம்தான். ஆனா உள்ளே ஒரு பக் இருந்துச்சு. ஆண் தத்தெடுக்கலாம், மனைவி சம்மதிச்சாப் போதும். கல்யாணம் ஆகாத பெண், விதவை, விவாகரத்து ஆனவங்க தத்தெடுக்கலாம். புருஷனோட குடித்தனம் நடத்துற பெண்? முடியாது. அவரோட மனைவியைத் தத்துத் தாயாகக் 'கருத வேண்டும்', அவ்வளவுதான். (மத்த மதத்துக்காரங்களுக்கு இதுவும் இல்லை. 1890ஆம் வருஷச் சட்டப்படி காப்பாளர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. 2000ல வந்த சிறார் நீதிச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்துச்சு.)

இப்போ படத்துக்கு வாங்க. அந்தச் சட்டப்படி பார்த்தா, கல்யாணத்துக்கு முன்னாடி இந்திரா தனியாவே ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருக்கலாம். தாலி ஏறின நிமிஷம் அந்த உரிமை போச்சு! அமுதாவைத் தத்தெடுத்தவர் திருச்செல்வன், இந்திரா கருதப்பட்ட அம்மா. படத்தில் இதைப் பத்திப் பேச்சே கிடையாது. ஆனா மகள் பெத்தவளைத் தேடும்போது கூடவே அலைஞ்சு, எங்கே தன்னை விட்டுப் போயிடுவாளோன்னு உள்ளுக்குள்ளே நடுங்குறது இந்திராதான். கடைசியில் மழையில் நனைஞ்சுக்கிட்டு அமுதா வந்து முத்தம் கொடுக்கிறதும் அவளுக்குத்தான். பெத்தவளுக்குக் குறுக்கே போர் நின்னுச்சு. வளர்த்தவளோட இடத்தைக் காகிதத்தில் எழுதவே சட்டத்துக்கு 54 வருஷம் ஆச்சு. 2010 திருத்தத்துக்கு அப்புறம்தான் மனைவியும், கணவர் சம்மதத்தோட, தன் பேரிலேயே தத்தெடுக்கலாம்னு வந்துச்சு.

சித்தி பத்திரம் பழசு, அது மாறாது. நேத்து ஃபோன் பண்ணி இதையெல்லாம் விளக்கினேன். ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த தங்கச்சி ஒண்ணுமே சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு அடுக்களைப் பக்கம் போய்க் கத்தினது மட்டும் கேட்டுச்சு:

"கருதப்படும் அம்மா, பசிக்குது. தோசை ஊத்து!"

சித்தி இந்தத் தடவை நிஜமாவே சிரிச்சாங்க :-)