சென்னையின் தென்கரை: வந்தவர்களும் போனவர்களும்

அடையாற்று முகத்துவாரத்தில் தொடங்கித் தெற்கே கோவளம் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளும் மணற்கரையைத்தான் சென்னையில் வீடு, மனை தேடுபவர்கள் பொதுவாக ‘ஈசிஆர்’ என்கிறார்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இடையில் உள்ள நிலம் பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. நகரத்துக்குள் இடம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் முதலில் இங்கே வந்தார்கள். பிறகு வசதி படைத்தவர்களுக்கே எட்டும் இடமாக இதே கரை மாறியது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தலைமுறைகளாகச் சென்னைக் கடலோரத்தில் குடியிருந்த மீனவக் குடும்பங்கள் பலவும் உள்நிலத்துக்கு அனுப்பப்பட்டன. இந்த இரண்டு இடப்பெயர்வுகளும் சேர்ந்ததுதான் இக்கரையின் கதை.

கரை பழையது. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே பாடப்பெற்றது. கோவளத்தில் கோட்டை இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவின் படை அதைப் பிடித்தது. ஆனாலும் சென்னையின் செல்வர்கள் நெடுங்காலம் கடலோரத்தில் குடியிருக்க விரும்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையின் நெரிசலை விட்டு வெளியேறிய ஆங்கில வணிகர்களும் அதிகாரிகளும் அடையாற்றங்கரை போன்ற இடங்களில் தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். மரநிழலும் நல்ல கிணற்று நீரும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. திறந்த மணல்வெளியில் புயலுக்கு மறைப்பில்லை. உப்புக்காற்று இரும்பையும் சுவரையும் தின்றுவிடும்.

உள்ளூர்க் குடிகளின் அமைப்பும் இதை ஒட்டியே இருந்தது. கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் கடற்புறத்தில் ஒரு குப்பம் உண்டு. ஊர் சற்று உள்ளே தள்ளி இருக்கும். பயிர் செய்பவர்கள் அங்கே இருந்தார்கள். குப்பத்தில் மீனவச் சமூகத்தினரான பட்டினவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து தனி, வழக்குகளைத் தீர்க்கும் முறையும் தனி.

குப்பம் அலையை ஒட்டி அமைந்ததற்குக் காரணம் தொழில். கட்டுமரம் என்பது கயிற்றால் பிணைத்த மரங்கள்தான். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்த வேண்டும். நீரூறிய மரம் கனத்துப்போகும். கரைவலை இழுக்க இரண்டு அணி ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று, இழுக்க இழுக்க நெருங்கி வரவேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு வெறும் மணல் தேவை. வலையைக் காயவைக்கவும் பழுது பார்க்கவும் கருவாடு பரப்பவும் இடம் வேண்டும். கச்சானா வாடையா கொண்டலா என்று காற்றை அறிந்து, அலையின் போக்கைக் கண்ணால் பார்த்துத்தான் விடியலுக்கு முன் கடலில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். இத்தனைக்கும் பயன்பட்ட மணல்வெளிக்குத் தனிப்பட்ட பட்டா இல்லை. வருவாய்த் துறைக் கணக்கில் அது புறம்போக்கு. அன்றாடம் புழங்கிய தொழிற்களம் ஏட்டில் வெற்றிடமாக எழுதப்பட்டதே பிற்காலத் தகராறுகள் பலவற்றுக்கு வேர்.

குப்பங்களுக்கு இடைப்பட்ட மணலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சவுக்கு பரவியது. ரயிலுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் விறகு தேவைப்பட்டது. உப்புக்காற்றைத் தாங்கி மணலில் விரைந்து வளரும் மரம் சவுக்கு. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் நகரத்துக்குச் சென்றன. நகரத்தவருக்கு இந்தக் கரை விறகு தரும் தோப்பாகவே தெரிந்தது.

நகரம் அடையாற்றைத் தாண்டிய முதல் பெரிய அடையாளம் 1882இல் பிரம்மஞான சபை அங்கே தோட்டம் வாங்கித் தலைமையகத்தை அமைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா பின்னாளில் திருவான்மியூர் மணலில் தனக்கென ஒரு வளாகத்தைக் கட்டிக்கொண்டது. இவை நிறுவனங்கள், குடும்பங்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான். விடுதலைக்குப்பின் சென்னையின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மனை விலை ஏறியது, வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதானது. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் நகரத்தின் ஓரங்களில் நிலம் தேடியபோது, எலியட்ஸ் கடற்கரைக்குப் பின்னால் கிடந்த மணல் அதன் கண்ணில் பட்டது. அங்கே எழுந்த பெசன்ட் நகர் 1970களில் குடியிருப்பாக நிறைந்தது. அடையாற்றின் மேல் பழைய எல்ஃபின்ஸ்டன் பாலத்துக்குப் பதிலாக 1973இல் திரு.வி.க. பாலம் வந்தது வசதியாயிற்று. 1976இல் அஷ்டலட்சுமி கோயில் குடமுழுக்கு நடந்தது. அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் தவணையில் பணம் கட்டி வீட்டுக்காரர்கள் ஆனார்கள். நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்குக் கடற்கரையில் வீடு கிடைத்தது பெரும்பாலும் இந்த ஒரு தலைமுறையில்தான். சந்தை அதைச் செய்யவில்லை, அரசு வாரியம் செய்தது. ஆனால் அதே வீதிகளின் விளிம்பில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் மூன்று பக்கமும் கட்டடம் சூழ்ந்த தீவுகளாயின.

திருவான்மியூருக்குத் தெற்கே நகரத்திலிருந்து துணிந்து சென்றவர்கள் ஓவியர்கள். சென்னை அரசு கலை, தொழிற்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். ஓவியம் விற்று மட்டும் பிழைக்க முடியாத காலம் அது. பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். நகரத்தில் ஒரு பட்டறைக்கு வாடகை கொடுக்கத் திணறியவர்கள் இங்கே சொந்த வீடும் பணியிடமும் கட்டினார்கள். ஆள் நடமாட்டமில்லாத மணலும் சவுக்கும் கொண்ட இடம் என்பதால்தான் அது அவர்களுக்குக் கட்டுப்படியானது. இன்று அவ்விடத்தைச் சுற்றியுள்ள மனைகளை ஓர் இளம் ஓவியர் வாங்குவதைக் கற்பனை செய்ய முடியாது.

அடுத்து வந்தது மனை வணிகம். வீட்டுப் பொருள்களைத் தவணையில் விற்றுப் பெயர்பெற்ற வி.ஜி.பி. நிறுவனம் 1970களில் அதே ஈஞ்சம்பாக்கத்தில் ‘கோல்டன் பீச்’சை அமைத்ததோடு கடலோர மனைகளையும் விற்றது. 1974இல் கோவளத்தில் தாஜ் குழுமத்தின் விடுதி திறந்தது. சவுக்குத் தோப்புகள் ஏக்கர் கணக்கில் கைமாறி, 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டுகளாகப் பிரிந்தன. வாங்கியவர்களில் பலர் உடனே குடிவரவில்லை. கம்பிவேலி போட்டு, தென்னங்கன்று நட்டு, காவலுக்கு ஒரு குடும்பத்தை வைத்துவிட்டுப் போனார்கள். திரைத்துறையினரும் வணிகர்களும் வார இறுதிக்கான பங்களாக்களைக் கட்டினார்கள். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கிப்போட்ட நிலம் மிகுந்ததால், வீடு கட்டிக் குடியிருக்க நினைத்தவர்கள் மேலும் தெற்கே போகவேண்டி வந்தது.

இங்கே குடியிருப்பு சாத்தியமானதற்கு மண்ணுக்கடியில் இருந்த நன்னீரே காரணம். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. ஆழம் குறைந்த உறைகிணறு தோண்டி அளவாக இறைத்தால் கடலருகிலும் இனிப்பான நீர் கிடைக்கும். குப்பத்துப் பெண்கள் மணலில் ஊற்று தோண்டி நீர் எடுத்தது இந்த அறிவினால்தான். ஆனால் இதில் ஒரு கண்டிப்பான கணக்கு இருக்கிறது: நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியில் உள்ள உப்புநீர் கோட்பாட்டளவில் நாற்பதடி மேலே வரும். வீடுதோறும் ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர் வியாபாரம், நகரக் குடிநீருக்காக அரசே அமைத்த கிணறுகள் என்று எல்லாம் சேர்ந்து மணற்படுகையை உறிஞ்சின. 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பின்னர் 2013இல், கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நகரத்தவர் கடலோரம் வந்து குடியேற, கடைசியில் கடலையே காய்ச்சாத குறையாகச் சுத்திகரித்துக் குடிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதற்கிடையே சட்டமும் கரைக்கு வந்தது. அலை எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். பத்தாண்டுக்குப் பிறகு, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. ஏற்கெனவே நகரமாகிவிட்ட கரையில், இருக்கும் சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப்புறமாகக் கட்டலாம் என்றது அது. ஊரகக் கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாக எதுவும் கட்டக்கூடாது; 200 முதல் 500 மீட்டருக்குள் உயரம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் விதித்தது. கரையைக் காக்க எழுந்த விதி இது. அதன் ஒரு விளைவாக, முன்பே கட்டப்பட்ட கடல்பார்த்த பங்களாக்களுக்கு இன்னும் மவுசு கூடியது.

இக்கரைக்கு ‘ஈசிஆர்’ என்ற பெயரைத் தந்த கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, கடலோரக் கிராமச் சாலைகளை இணைத்தும் அகலப்படுத்தியும் உருவான சாலை அது. சென்னையிலிருந்து புதுச்சேரி வரையிலான பகுதி மேலும் சீரமைக்கப்பட்டு 2002 முதல் சுங்கச்சாலையானது. கால்வாய்க்கு அந்தப் புறத்தில் 2000இல் டைடல் பூங்கா திறந்து, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. அந்த ஊதியம் நிலச்சந்தையில் இறங்கியதும் கடலோர விலை நடுத்தரக் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. ஏக்கரில் தொடங்கிக் கிரவுண்டாகச் சுருங்கிய பேரம் இப்போது சதுர அடிக்கு வந்துவிட்டது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரையான ஊராட்சிகள் அதற்குள் வந்தன.

மீனவர்களின் இடப்பெயர்வு இதே காலத்தில் நடந்தது. 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் முதலில் எடுத்த வழி நியாயமானது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டி, அந்த மக்களுக்கே கொடுத்தது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் குடியிருப்புகள் எழுந்தன. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தபோது மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2000ஆம் ஆண்டை ஒட்டி வாரியத்தின் வழி மாறியது. நகரத்துக்குள் நிலம் விலையேறிவிட்டதால், ஏழைகளுக்கான வீடுகள் தொலைவில், சதுப்பு நிலத்தை ஒட்டிய கண்ணகி நகரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். மீனவர்களே அவர்களில் மிகுதி. மறுகட்டுமானத்துக்காக 2005 மார்ச்சில் அரசு வெளியிட்ட 172ஆம் எண் ஆணை ஒரு தெரிவை முன்வைத்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதற்கப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதுவீடு இலவசம். போக மறுப்பவர்கள் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம்; அரசு உதவி இல்லை. புதுவீடு பெறுபவர்கள் பழைய வீட்டையும் இடத்தையும் அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வீடும் படகும் வலையும் ஒரே காலையில் போனவர்களிடம் இதைத் தெரிவு என்று நீட்டியது கடுமையானது. இன்னொரு பேரலையிலிருந்து காக்கும் எண்ணம் அதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அதே அலை மோதிய கரையில் பங்களாக்களை எழுதிக்கொடுக்கச் சொல்லி யாரும் ஆணை போடவில்லை.

சென்னையில் சீனிவாசபுரம் முதலான கடலோரக் குடியிருப்புகளிலிருந்து பலர் உள்நிலத்திலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய இடத்திலிருந்து அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். விடியலுக்கு முன் கடலில் இறங்கவேண்டியவருக்கு அந்நேரத்தில் பேருந்து இல்லை. துறையில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்ற பெண்களுக்குத் துறையும் வாடிக்கை வீடுகளும் ஒருசேர எட்டாமல் போயின. வந்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ பலர் கரைக்கே திரும்பி, உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். தாழ்வான இடமாதலால் 2015 பெருமழையில் செம்மஞ்சேரியும் நீரில் நின்றது.

கரையிலேயே தங்கிய குப்பங்களில் குடும்பங்கள் பெருகின, இடம் பெருகவில்லை. மகனுக்குத் திருமணமானால் இருக்கும் வீட்டின்மேல் ஒரு தளம் எழுப்புவதே வழி. 2011இல் திருத்தப்பட்ட கடலோர அறிவிக்கை முதன்முறையாக இதைக் கணக்கில் எடுத்தது: 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்களுக்கு வீடு கட்ட நிபந்தனைகளோடு இடமளித்தது, மீனவர் குடியிருப்புகளின் நெடுங்காலத் தேவைக்குத் திட்டம் வகுக்கவும் சொன்னது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில், அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில், கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. இந்தத் தளர்வு மீனவருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டதல்ல. மனை வாங்கி வருபவருக்கும் அது பொருந்தும்.