14 சீட்டிலிருந்து சாய்ஸ் ஃபில்லிங் வரை

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் என்றதும் நினைவுக்கு வருபவர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர் (முதல்வர் பதவிக்கு அப்போ அதுதான் பெயர்). அவர் ஆட்சியில் திருத்தப்பட்ட வகுப்புவாரி அரசாணையைப் படிச்சா, மென்பொருள்காரனுக்கு நிரல் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு 14 இடத்துக்கும்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் (அரசாணையின் சொல்) 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர் 1, முஸ்லிம் 1.

மருத்துவ இடம் கேட்டு செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடம் கேட்டு சி.ஆர். சீனிவாசனும் போட்ட வழக்குகளில் 1951-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டு வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம்தான் இட ஒதுக்கீட்டைக் காப்பாத்துச்சு.

இது விதியின் கதை. விதிப்படி சீட்டை மாணவர் கையில சேர்க்கிற நிர்வாக வேலைக்குத் தனி வரலாறு இருக்கு.

1997-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினா மாணவருக்கும் துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். திண்டிவனத்துப் பிள்ளை சுமார் 120 கி.மீ. தாண்டி கிண்டிக்குப் போகணும். ஆனா அங்கே திரையில் மிச்சமிருக்கிற இடங்கள் தெரியும். அதைப் பார்த்து ஒன்றைச் சொன்னா போதும், ஒதுக்கீட்டு ஆணை கையில.

2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். சான்றிதழ் சரிபார்க்க மாநிலம் முழுக்க 42 உதவி மையங்கள். கிண்டிப் பயணமும் ஒரு நாள் கூலி இழப்பும் மிச்சம். இது சின்ன லாபம் இல்லை.

அல்காரிதம் பெரிசா மாறலை. தரவரிசைப்படி ஒவ்வொருத்தருக்கும், அவர் கேட்டதில் காலியா இருக்கிற முதல் இடம். மாறினது மாணவரின் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால காலியிட விவரம் கிடைக்குது. ஆனா அந்தச் சுற்றுக்குள் நமக்கு முன்னால இருக்கிற ஆயிரக்கணக்கானவங்க எதை எடுப்பாங்கன்னு தெரியாது. அதனால முழு விருப்பப் பட்டியலையும் முன்கூட்டியே வரிசைப்படுத்தித் தரணும். அதுக்கு கல்லூரி கோடு, போன வருஷ கட்ஆஃப், எந்தக் கல்லூரி எப்படி என்ற விவரம் எல்லாம் வேணும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இதை யாரிடம் கேட்பது? பிரௌசிங் சென்டர்காரர் டைப் அடிச்சுத் தருவார். பல நேரம் வரிசையையும் அவரே முடிவு பண்ணிடுவார்.

பிரேசில் 2010-ல் தொடங்கிய சிசு என்ற சேர்க்கைத் தளம் இதை வேறு மாதிரி கையாளுது. விண்ணப்ப நாட்களில் ஒவ்வொரு படிப்புக்கும் அன்றைய கட்ஆஃப் வெளியாகும். பார்த்துட்டு விருப்பத்தை மாத்திக்கலாம்.

ஃபைல், வரிசை, கவுன்ட்டர் எல்லாத்தையும் நாம ஆன்லைனுக்குக் கொண்டுபோயிட்டோம். கிண்டி அரங்கத்து காலியிடத் திரை மட்டும் அரைகுறையாத்தான் போயிருக்கு. ஓமந்தூர்ப் பிள்ளைக்கு இப்போ தேவை அதுதான்.