சுவரிற் கீறிய சாட்சியம்

இங்கிலாந்தின் ஹேட்போட்ஷயர்ப் பகுதியிலே ஆஷ்வெல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித மரியாள் கோயில், பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த பங்குக் கோயிலாகும். காண்போர் முதலில் வியப்பது ஏறத்தாழ 176 அடி உயர்ந்த அதன் மணிக்கோபுரத்தையே. நாம் ஈண்டு நோக்க விழைவது அக்கோபுரத்தின் உட்சுவரை.

அச்சுவர் மென்மையான சுண்ணக் கல்லாலானது; கூரிய ஆணியொன்றே அதிற் கீறப் போதுமானது. அவ்வாறு கீறப்பட்ட இலத்தீன் வரிகள் சில அங்கு உள்ளன. முதற் கொள்ளைநோய் 1349 இல் வந்ததென ஒன்று குறிக்கின்றது. 1350 இன் அவலத்தைக் கூறும் மற்றொன்று, சாட்சியாக எஞ்சியோர் மிகக் கீழான மக்களே என்கின்றது. 1361 இல், புனித மவுருஸ் திருநாளில் வீசிய பெரும்புயலையும் பதிகின்றது. அக்காலத்து ஆண்டு மார்ச் 25 இல் தொடங்கியமையால், நம் கணக்கில் அது 1362 ஜனவரியாகும்.

இலத்தீன் அறிந்த அக்கை உழவனின் கையாக இருத்தல் அரிது. 'கீழான மக்கள்' என்ற சொல்லிலே அதன் வர்க்கப் பார்வை தெளிவாகின்றது. ஆனால் அம்மக்கள் யாவர்? வெஸ்ற்மின்ஸ்ரர் மடத்துக்குரிய நிலத்தில் உழைத்தோர். விளைச்சலிற் பத்திலொன்றைத் திருச்சபைக்கு அளந்தோர். 1348 இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோரைக் கொன்றதென ஆய்வாளர் பலர் கணிப்பர். உழைப்பாளர் அருகினர், கூலி ஏறிற்று. ஆளும் வர்க்கம் வாளாவிருக்கவில்லை. 1349 ஆம் ஆண்டுக் கட்டளையும் 1351 ஆம் ஆண்டுச் சட்டமும் நோய்க்கு முந்திய கூலிக்கே உழைக்குமாறு பணித்தன, மறுத்தோரைத் தண்டித்தன.

1377 முதல் 1381 வரை மூன்று தடவை விதிக்கப்பட்ட தலைவரி அவர்தம் பொறுமையைக் குலைத்தது. 1381 இற் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். இதே ஹேட்போட்ஷயரிலுள்ள சென் அல்பன்ஸ் மக்கள் தம்மை ஆண்ட மடத்தை எதிர்த்தனர். மனிதர் யாவரும் சமமெனப் போதித்த ஜோன் போல் என்ற குருவானவர் அவ்வாண்டு ஜூலை 15 இல் அந்நகரிலேயே கொல்லப்பட்டார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது உண்மையே. எனினும் அடுத்த நூற்றாண்டிற் பண்ணையடிமை முறை படிப்படியாகத் தேய்ந்தொழிந்தது. கொள்ளைநோயே மக்களை விடுவித்தது என்பாருளர். அது பிழை. நோய் கொணர்ந்தது வாய்ப்பை மாத்திரமே. அதனைப் பற்றிக்கொண்டோர் மக்கள்.

கோயில் வேலையும் நோயோடு நின்றுவிடவில்லை, பின்னரும் நடந்தது. கல் சுமந்தோர் அந்த எஞ்சியோரே. மூலைக் கற்கள் செவ்வனே பொருந்தவில்லையென்று காறியுமிழும் வரியொன்றும் அங்குண்டு. தொழிலறிந்த ஒருவனின் சினம் அது.

மரபு என்பது கோபுரம் மாத்திரமன்று. வரலாறு கற்பிக்கும் நாம், மன்னர் பெயர்களை ஒப்புவிக்குமாறு மாணவரைக் கேட்குமளவுக்கு, அச்சுவரை வாசிக்குமாறும் கேட்டல் வேண்டும். எழுதியவன் இகழ்ந்தே எழுதினான். ஆயினும் சாட்சிகள் யாரென்பதை அவன் மறைக்கவில்லை.