நிமோனியாவும் மூச்சுக்குழல் விரிவும்: தேறுவதில் இரண்டு விதம்

நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நிமோனியா. மற்றவருக்குப் பல வருடங்களாக ‘பிராங்கியெக்டாசிஸ்’ எனப்படும் மூச்சுக்குழல் விரிவு. அதன்மேல் இப்போது புதிதாக ஒரு தொற்று. வீட்டில் இருவருக்கும் ஒரே கவனிப்புதான்: மிளகு ரசம், இருமலை அடக்க ஒரு சிரப், ‘எழுந்திரிக்காம படு’ என்ற அதட்டல். முதலாமவர் இதையும் தாண்டித் தேறிவிடுவார். இரண்டாமவருக்கு அந்த சிரப்பும் அந்தப் படுக்கையுமே வினையாகலாம்.

நிமோனியாவில் தொற்று தாக்குவது நுரையீரலின் காற்றறைகளை. அவற்றில் நீரும் சீழும் நிறைகின்றன. வெள்ளம் புகுந்த வயல் மாதிரி. நீர் வடிந்தால் பெரும்பாலும் வயல் பழையபடி கிடக்கும். மூச்சுக்குழல் விரிவில் பழுதானது வாய்க்கால். குழாயின் சுவர் தளர்ந்து அகன்றுவிட்டது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும் சேதமாகிவிட்டன. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமியால் அழற்சி, அழற்சியால் சுவர் இன்னும் தளர்கிறது. இது ஒரு சுழல். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் குறைக்கும். அகன்ற குழாயைச் சுருக்காது.

ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லேனெக் மூச்சுக்குழல் விரிவை 1819-லேயே விவரித்துவிட்டார். ஆனாலும் நம்மூரில் இதன் பெயரைக் கேள்விப்படாமலே பல வருடம் இதோடு வாழ்பவர்கள் உண்டு. காரணங்களும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. இந்தியாவில் 2,195 நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டபோது, மூவரில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானவர்களுக்குப் பழைய டி.பி.யே காரணமாக இருந்தது. ஐரோப்பியப் பதிவேட்டில் காரணம் கண்டுபிடிக்க முடியாதவர்களே பெரிய கூட்டம். டி.பி. மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடித்து, ‘குணமாகிவிட்டது’ என்று கார்டில் எழுதி வாங்கியவர் பத்து வருடம் கழித்தும் ஏன் இருமுகிறார் என்பதற்கு விடை பல நேரம் இதுதான்.

நிமோனியா வந்தால் பெரும்பாலும் வீட்டுக்கே தெரிந்துவிடும். குளிர் காய்ச்சல், விலாவில் குத்தல், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு. மூச்சுக்குழல் விரிவில் தொற்று முற்றும்போது காய்ச்சல் வராமலே போகலாம். எக்ஸ்ரேயும் பழைய மாதிரியே இருக்கலாம். சளி கூடும், கெட்டியாகும், நிறம் அடரும், மாடிப்படி கனக்கும், சோர்வு அழுத்தும். இருமல், சளியின் அளவும் கெட்டித்தன்மையும், நிறம், மூச்சிரைப்பு, சோர்வு, ரத்தம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று, இரண்டு நாளாவது மோசமாக இருந்தால் கவனிக்க வேண்டிய தாக்குதல் என்று நிபுணர்கள் 2017-ல் வரையறுத்தார்கள். ‘காய்ச்சல்தான் இல்லையே’ என்று வீட்டார் தேற்றுவது இந்த இடத்தில் எடுபடாது. சளியில் ரத்தம் இழையோடுவது இந்நோயில் நடப்பதுதான். கொப்பளித்து வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

புதிய டாக்டரிடம் போகும்போது இன்னொரு சிக்கல். நிமோனியா தேறியதும் நெஞ்சில் கேட்கும் பொரபொரப்புச் சத்தம் போய்விடும். மூச்சுக்குழல் விரிவில் நன்றாக இருக்கும் நாளிலும் அது கேட்கும். சிலருக்குச் சளி எப்போதுமே மஞ்சள்தான். இந்த நோயாளியின் ‘சாதாரணம்’ எது என்று தெரியாதவர் நிமோனியா என்றே முடிவு கட்டிவிட வாய்ப்புண்டு. பழைய சி.டி. ஸ்கேனையும் கடைசி சளி கல்ச்சர் ரிப்போர்ட்டையும் பையில் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

சிகிச்சையிலும் இரண்டும் எதிரெதிர். லேசான நிமோனியாவுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் பல நேரம் போதும், கல்ச்சர்கூடத் தேவைப்படாது. மூச்சுக்குழல் விரிவில் வழக்கம் பதினான்கு நாள்; முதல் மாத்திரையை விழுங்குமுன் கல்ச்சருக்குச் சளியைக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே குடியிருப்பது சூடோமோனாஸ் என்ற கிருமி என்றால் கடையில் கேட்டு வாங்கும் சாதாரண மாத்திரை அதைத் தொடாது.

மிகப் பெரிய வேறுபாடு பிசியோதெரபியில். சிக்கலில்லாத நிமோனியாவுக்கு நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பதால் பெரிய பலன் இல்லை. மூச்சுக்குழல் விரிவிலோ மருந்துக்கு இணையானது அந்த வேலைதான். தினமும் அதைச் செய்யும் ஒரு பெண்மணியின் காலையைப் பார்க்கலாம். காபிக்கு முன்பே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெபுலைசரில் உப்புநீர் பிடிக்கிறார். பிறகு தோளைத் தளர்த்திச் சாதாரண மூச்சு; அடுத்து ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, விடுகிறார். இரண்டு மூன்று முறை ஆனதும் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ‘ஹஃப்’ என்று ஒரு தள்ளல். இருமி இருமி வராத சளி அந்த ஊதலில் மேலே ஏறுகிறது. மூடி போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துப்பி, வெளிச்சத்தில் தூக்கி நிறத்தைப் பார்க்கிறார். நேற்றைவிட அடர்த்தி. சாயங்காலமும் ஒரு முறை செய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எழுதித் தரும் மூன்று பந்துக் கருவி மூச்சை ஆழமாக இழுக்கப் பழக்குவது. சளியைக் கொண்டுவருவது அதன் வேலை இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

அந்த பாட்டிலை யார் கண்ணிலும் படாமல் கழுவி வைக்க வேண்டியிருப்பது தனிக் கொடுமை. நிமோனியா வந்தவரைப் பார்க்க ஆப்பிளோடு வருவார்கள். தினமும் சளி துப்பும் பெண்ணைப் பார்த்தால் ‘டி.பி.யா?’ என்று கிசுகிசுப்பார்கள். வெட்கப்பட்டுச் சளியை விழுங்கி, இருமலை அடக்கி, பஸ்ஸில் போவதையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

தேறும் கால அளவுக்கு வருவோம். நிமோனியாவுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஒரு வாரத்தில் காய்ச்சல் விடும், நான்கு வாரத்தில் நெஞ்சு லேசாகும், ஆறு வாரத்தில் இருமல் நன்றாகக் குறையும், சோர்வு மட்டும் மூன்று மாதம் ஆன பிறகும் இருக்கலாம். இவருக்கு வேண்டியது பொறுமை. மூச்சுக்குழல் விரிவுக்காரர் தாக்குதலுக்கு முந்தைய தன் நிலைக்குத் திரும்புவதே தேறுவது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது தன்னைத்தானே நொந்துகொள்ளத்தான் உதவும். வருடத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தாக்குதல் வந்தால் வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் போன்ற நீண்டகால மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். அழற்சியையே குறிவைக்கும் பிரென்சோகாடிப் என்ற மாத்திரைக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்நோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

நிமோனியா மூச்சுக்குழல் விரிவாக மாறும் சந்தும் உண்டு. நிமோனியா ஆறி ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், ஐம்பது வயது தாண்டியவரும் புகைப்பவரும்கூட ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று போவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால் அங்கே குழாயில் ஏதோ அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குழந்தையென்றால் என்றோ புரையேறிய வேர்க்கடலையாகக்கூட இருக்கும். நான்கு வாரத்துக்கு மேல் ஈர இருமல் நீடிக்கும் குழந்தையை ‘சளி உடம்பு’ என்று விட்டுவிடக் கூடாது. அந்த வயதில் சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகக் கவனித்தால், அகன்ற குழாய் மறுபடி பழைய அளவுக்குத் திரும்புவதும் உண்டு.