கிடங்கும் கிடங்கிலும்

கோட்டையின் உறுப்புகளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் மேலே உயர்ந்து நிற்பவற்றின் பெயர்கள் பல. கீழே கிடப்பவற்றின் பெயர்கள் சிலவே. எயில், மதில், இஞ்சி, புரிசை ஆகியவை சுற்றுச்சுவரைக் குறித்தன. அச்சுவரின் மேல் வீரர் மறைந்து நின்று அம்பெய்வதற்கு அமைந்த உறுப்புக்கு ஞாயில் என்று பெயர். சுவருக்கு வெளியே தோண்டி நீர் நிரப்பிய பள்ளத்துக்கு அகழி, கிடங்கு என்ற இரு பெயர்களும் வழங்கின. அவற்றுள் அகழி இன்றும் அதே பொருளில் நிலைத்திருக்க, கிடங்கு நெல் மூட்டையும் உர மூட்டையும் அடுக்கும் கட்டடத்தின் பெயராகிவிட்டது. பகைவரைத் தடுத்த நீர்ப்பள்ளம் சரக்கைக் காக்கும் கூரைக் கட்டடமான கதையை ஆராய, செஞ்சியும் திண்டிவனமும் திருவக்கரையும் அடங்கிய விழுப்புர மாவட்ட நிலத்தைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. ஏனெனில் அச்சொல்லையே ஊர்ப்பெயராகக் கொண்ட கோட்டை ஒன்றும், அச்சொல்லின் இரு பொருள்களையும் ஒரே மதிலுக்குள் காட்டும் கோட்டை ஒன்றும் அங்கே உள்ளன.

அகழி என்பது அகழ் என்னும் வினையிலிருந்து பிறந்தது. மண்ணை வெட்டி எடுக்கும் மனிதனின் செயல் அப்பெயரில் தெரிகிறது. கிடங்கோ கிட என்னும் வினையடியைச் சார்ந்தது என்பர். தோண்டியவனை அது நினைவூட்டுவதில்லை. தாழ்ந்து கிடக்கும் இடத்தையும், அவ்விடத்தில் வந்து கிடக்கும் பொருளையும் நினைவூட்டுகிறது. ஆடுகளை இரவில் வயலில் மடக்கி வைப்பதைக் குறிக்கும் கிடையும், படுக்கையைக் குறிக்கும் கிடக்கையும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. மலையாளத்தில் கிடங்ஙு இன்றும் அகழியையும் நீண்ட பள்ளத்தையும் குறிக்கிறது. காட்டு யானைகள் ஊருக்குள் வராதபடி வெட்டும் பள்ளத்துக்கும் கேரளத்தில் அதுவே பெயர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் கிடங்கு என்றால் வெறும் குழி. ஆகவே பள்ளம் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். அதில் நீர் கிடந்தால் அகழி, பண்டம் கிடந்தால் பண்டகசாலை. இரு பொருள்களுக்கும் இடையே காணப்படும் தொலைவு இன்றைய காதுக்குத் தோன்றும் தொலைவே.

சங்க காலத்தில் திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி ஓய்மாநாடு எனப்பட்டது. ஓவியர் குடியில் வந்த நல்லியக்கோடன் அதன் தலைவன். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் அவன்மீது பாடிய சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளில், வறுமையில் வாடும் பாணன் ஒருவனை அவனிடம் வழிப்படுத்துகிறது. ஆற்றுப்படை என்பது பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் இலக்கிய வகையாதலால் அதில் வழியிலுள்ள ஊர்களுக்குச் சிறப்பான இடமுண்டு. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என நல்லியக்கோடனின் ஊர்கள் நான்கு அதில் பேசப்படுகின்றன. இவற்றுள் இரண்டின் பெயர்கள் கோட்டை உறுப்புகளால் ஆனவை என்பது பலர் கவனியாது கடக்கும் செய்தி. மரக்காணப் பகுதியில் இருந்ததாகக் கருதப்படும் கடற்கரை ஊர் எயிலால், அதாவது மதிலால், பெயர் பெற்றது; உள்நாட்டு ஊரோ கிடங்கால் பெயர் பெற்றது. இல் என்பது இடத்தைக் குறிக்கும் சொல்லாதலால் கிடங்கில் என்பது அகழியுள்ள இடம் என்று பொருள்படும். மேலே நிற்பதும் கீழே கிடப்பதும் ஒரே அரசனின் நாட்டில் இரு ஊர்ப்பெயர்களாகப் பிரிந்து நின்றிருக்கின்றன.

அவ்வூர் வெறும் காவலிடமாக மட்டும் இருந்ததில்லை. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் எனப் புலவர் மூவர் அந்த ஊரைத் தம் பெயரின் முன்னே தாங்கியிருக்கின்றனர். முதலிருவரின் பாடல்கள் நற்றிணையிலும் மூன்றாமவரின் பாடல் குறுந்தொகையிலும் உள்ளன. காவிதி என்பது அரசன் அளித்த பட்டம். பட்டம் பெற்றோர் குடியிருந்த அந்த ஊர் இன்று திண்டிவனம் நகருக்குள் கிடங்கல் என்ற பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதியாகியிருக்கிறது. புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணிவனம் திண்டிவனமாகத் தேய்ந்து நகருக்கே பெயராகிப் பெருக, அதைவிடப் பழைய தமிழ்ப்பெயர் அந்நகரின் ஒரு மூலைக்கு ஒதுங்கியது.

அகழி பழந்தமிழ்ப் போரில் அலங்காரமாக இருந்ததில்லை. மதிலை முற்றுகையிடும் போர் உழிஞை என்றும், அதைக் காக்கும் போர் நொச்சி என்றும் வகைப்படுத்திய இலக்கணம், அகழி நீருக்குள் இறங்கி இரு படையும் பொருவதற்குப் பாசிநிலை என்று தனித்துறையே வகுத்தது. நீர்மேல் படர்ந்த பாசி, கை பட்டதும் விலகி மீண்டும் சேர்வதுபோல இரு படையினரும் விலகியும் கூடியும் பொருதலால் அப்பெயர் அமைந்தது என்பது உரையாளர் விளக்கம். கோட்டையை வென்றபின் அதை அழிப்பதும் ஒரு சடங்காகவே இருந்தது: வென்ற நிலத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது வெள்வரகும் கொள்ளும் விதைத்ததைப் புறநானூறு பேசுகிறது. இங்கிலாந்தில் 1640களின் உள்நாட்டுப் போருக்குப் பின் பாராளுமன்றப் படையினர் அரசர் பக்கத்தாரின் கோட்டைகளை வெடிமருந்து வைத்துத் தகர்த்ததும், டார்செட் பகுதியின் கார்ஃப் கோட்டை 1646இல் அவ்வாறு சிதைக்கப்பட்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் இன்று பயணிகள் புகைப்படம் எடுத்து மகிழும் சிதைவுகள் பலவும் முதுமையால் விழுந்தவையல்ல, ஆணையால் வீழ்த்தப்பட்டவை. கழுதை ஏரும் வெடிமருந்தும் செய்த வேலை ஒன்றே. ஆனால் சுவரைத் தகர்ப்பது எளிது, பள்ளத்தைத் தகர்க்க வழியில்லை. அதைத் தூர்க்கத்தான் முடியும், தூர்ந்த பின்னும் மழைநீர் அதன் தடத்தைக் கண்டுபிடித்துத் தேங்கும்.

ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் மோட் என்னும் சொல்லின் வரலாறு கிடங்கின் வரலாற்றோடு விந்தையான உறவுடையது. பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் பள்ளமன்று, மண்மேடு. நார்மானியர் கோட்டை கட்டும்போது சுற்றிலும் பள்ளம் வெட்டி அம்மண்ணை நடுவில் குவித்து மேடாக்கினர். மேடும் பள்ளமும் ஒரே வேலையின் இரு விளைவுகளாதலால் மேட்டின் பெயர் நாளடைவில் பள்ளத்துக்கு இறங்கியது. ஆங்கிலச் சொல் மேலிருந்து கீழே வந்தது. தமிழ்ச் சொல் பள்ளத்திலிருந்து கூரை வேய்ந்த கட்டடத்துக்கு ஏறியது.

இந்த ஏற்றம் நிகழ்ந்த விதத்தை விளக்கச் செஞ்சிக் கோட்டை உதவுகிறது. திண்டிவனத்துக்கு மேற்கே ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்து எழுந்த இக்கோட்டையின் மதில் நீளம் ஏறத்தாழ 13 கி.மீ.; ராஜகிரியின் உச்சி 240 மீட்டர் அளவு உயரமுடையது; அகழியின் அகலம் 24 மீட்டர் அளவு என்பர். அந்த மதிலுக்குள்ளேயே பெரிய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரியில் எண்ணெய் சேமிப்பதற்கென்று அமைத்த கற்குழிகளும் உள்ளன. எண்ணெய்க்குப் பள்ளம் தோண்டியவர்களுக்கு அகழியும் சேமிப்பிடமும் வெவ்வேறு வகைப் பொருள்களாகத் தோன்றியிருக்க இயலாது. 1677இல் சிவாஜி பீஜப்பூராரிடமிருந்து கைப்பற்றிய இக்கோட்டைக்குள் அவருடைய மகன் ராஜாராம் தங்கியிருந்தபோது, 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698இல்தான் முடிந்தது. மதிலின் உயரம் பகைவனை ஒரு நாள் தடுக்கும். எட்டாண்டு தடுப்பதற்கு உள்ளே சோறு வேண்டும். திருக்குறளின் அரண் அதிகாரம் கோட்டையின் இயல்புகளுள் உணவு நிறைந்திருத்தலையும் சேர்த்தது இதனாலேயே. நீர் கிடக்கும் கிடங்கும் நெல் கிடக்கும் கிடங்கும் ஒரே காவலின் இரு முனைகள். கோட்டைகள் பயனற்றுப்போன காலத்தில் முதல் முனை மறைய, இரண்டாம் முனை மட்டும் பெயரோடு எஞ்சியது என்று கருத இடமுண்டு.

கோட்டை என்ற சொல்லே இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. தென்மாவட்டங்களில் கோட்டை என்பது 21 மரக்கால் கொண்ட நெல்லளவு. விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து கட்டி வைக்கும் உருண்டையும் விதைக்கோட்டையே. நிலவைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றினால் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பர். வளைத்துக் காப்பது எதுவோ அது கோட்டை. அதற்குள் அரசன் இருந்தாலும் விதைநெல் இருந்தாலும் சொல்லுக்கு வேறுபாடில்லை.

கிடங்கு என்ற சொல்லின் பயணம் கரையோடு நிற்கவில்லை. தெலுங்கில் கிட்டங்கி என்பது பண்டகசாலை. தமிழிலும் அவ்வடிவம் வழங்கியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து சென்ற ஊர்களில் தம் தொழிலிடத்தைக் கிட்டங்கி என்றே அழைத்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகள் நீண்ட கூடங்கள். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு பெட்டி, ஒரு சிறு மேசை, ஒரு பாய் அளவு இடத்தில் பகலில் கணக்கெழுதி, இரவில் அங்கேயே படுத்துறங்கினர். சரக்கு கிடந்த இடத்தில் மனிதரும் கிடந்தனர் என்பதில் கிட என்னும் வேர் தன் முழுப்பொருளையும் மீட்டுக்கொண்டது எனலாம். மலாய் மொழியின் குடாங் என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், கீழ்த்திசை வணிகத்தில் அதைக் கேட்ட ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்தின் கோடவுன் பிறந்தது என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி மலாய்ச் சொல்லுக்குப் பின்னே தெலுங்குச் சொல்லையும் தமிழ்க் கிடங்கையும் சுட்டுகிறது. அக்கருத்து சரியானால், லாரி ஓட்டுநரும் சுமைதூக்குவோரும் இன்று சொல்லும் குடோன், உருமாறி வீடு திரும்பிய பழைய அகழியே.

சிதைவுகளைப் பாதுகாக்கும் சட்டத்திலும் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஒரு முடிச்சு உண்டு. இந்தியாவில் தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1904ஆம் ஆண்டுச் சட்டம் கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. அவரே பின்னாளில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1385இல் அரச உரிமம் பெற்று எழுந்த போடியம் கோட்டையை விலைக்கு வாங்கிச் சீரமைத்து, 1925இல் தம் இறப்பின்போது அந்நாட்டின் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். சுற்றிலும் நீர் நிறைந்த அகழிதான் போடியத்தின் அழகு. அங்கே வருவோர் முதலில் பார்ப்பது நீரை. செஞ்சிக்கு வருவோரோ மூச்சிரைக்க ராஜகிரி ஏறுவதிலேயே நாளைச் செலவிட்டு, அகழியைப் பாலம் கடக்கும் நேரத்தில் மட்டும் பார்க்கின்றனர். 2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டின் தொகுதியில் தமிழகத்திலிருந்து செஞ்சி மட்டும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, அவ்வழக்கம் மாறும் என்று எதிர்பார்ப்பதற்கும் காரணமில்லை.

செஞ்சி மலைகளின் பக்கமாகத் தோன்றி, சங்கராபரணி என்றும் வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெறும் ஆறு, புதுச்சேரிக் கடலை அடையும் முன் திருவக்கரையைத் தொட்டுச் செல்கிறது. ஞானசம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளியாலும் பெயர் பெற்ற அவ்வூருக்கு அருகே, செம்மண் ஓடைகளுக்கு இடையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல் அவற்றைப் பற்றி எழுதினார். வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊரார் கதை. வேரும் கிளையும் இலையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் படுத்த நிலையில் இருப்பதால், அவை அங்கே வளர்ந்தவையல்ல, வெள்ளத்தில் உருண்டு வந்து தங்கியவை என்பது நிலவியலாளர் முடிவு. பள்ளமும் பண்டமும் கிடத்தலும் ஒருசேர அமைந்த, மனிதக் கை படாத கிடங்கு அது. நிலவியலாளர் அதைப் படிவு என்பர்.

திண்டிவனத்தின் நெல் மூட்டைகளை ஏற்றி இறக்குவோர் வாயில் குடோன் என்றும், அரசுப் பலகையில் கிடங்கு என்றும் அச்சொல் அன்றாடம் புழங்குகிறது. அதே நகரத்தில் கிடங்கல் ஏரி மழைக்காலத்தில் நிரம்புகிறது.