மக்ரோனி: ஓட்டைக்கு முந்திய சொல்

மளிகைக் கடையில் மக்ரோனி கேட்டால் வளைந்த சின்னக் குழாய்களைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். நடுவில் ஓட்டை இருந்தால் மக்ரோனி, கயிறாக நீண்டால் ஸ்பகெட்டி, பட்டையாக இருந்தால் லசானியா. இது இன்றைய கணக்கு. பழைய வழக்குக்கு இது பொருந்தாது. மக்ரோனி என்ற சொல் புழங்கத் தொடங்கி நெடுங்காலம் வரை ஓட்டை அதன் இலக்கணமாக இருக்கவில்லை. மாவு உருண்டைக்கும் அதே பெயர், பட்டைக்கும் அதே பெயர். விடாமல் கூட வந்தது சீஸ்தான்.

அந்தப் பெயர் எழுத்தில் தென்படும் பழைய இடங்களில் ஒன்று, ஒரு சொத்துப் பட்டியல். 1279 பிப்ரவரியில் ஜெனோவா நகரத்து நோட்டரி உகோலினோ ஸ்கார்ப்பா, போன்ஸியோ பஸ்தோனே என்ற சிப்பாயின் உடைமைகளைக் கணக்கெடுத்து எழுதினார். அதில் மக்கரோனி நிறைந்த கலம் ஒன்றும் இருக்கிறது. கலத்தில் போட்டு வைத்து, சொத்தோடு சொத்தாக எண்ணினார்கள் என்றால் அது உலர்ந்த பண்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அவர்தான் பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு பட்டியல் போதும்.

அதற்கும் முன்னால், 1154இல், புவியியலாளர் அல் இத்ரீசி சிசிலியின் பலெர்மோ அருகே திராபியா என்ற ஊரில் நூல்போன்ற உலர் மாவுப் பண்டம் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்வதை எழுதினார். அவர் அதற்குத் தந்த பெயர் இத்ரியா. ஆக, நூல் வடிவத்துக்கு அரபு வழிவந்த தனிப்பெயர் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறது. மக்கரோனி வேறொன்றைக் குறிக்க எழுந்த சொல்.

அந்த வேறொன்று எது? சொல்லின் வேரைத் தோண்டினால் இரண்டு வழிகள் காட்டுகிறார்கள். ஒன்று கிரேக்கம்: மகாரியா என்பது வாற்கோதுமையும் குழம்புமாகச் செய்த ஓர் உணவு. மகார் என்றால் பேறு பெற்றவர், மேலுலகம் சென்றவர்களுக்கும் அந்த அடைமொழி உண்டு. கிரேக்கர்களிடம் ஈமச்சடங்குக்குப் பிந்திய விருந்துக்கு இன்றும் மகாரியா என்றே பெயர். இன்னொன்று இத்தாலியம்: அம்மக்காரே என்றால் நசுக்குதல், பிசைதல். இரண்டில் எதுவும் தீர்ந்தபாடில்லை. எனக்கு இரண்டாவதன்மேல் சாய்வு உண்டு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போக்காச்சியோவின் ‘டெக்கமரோன்’ 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. அதில் ஏமாளி கலந்திரினோவிடம் ஒருவன் அளக்கும் கற்பனை நாட்டில், துருவிய பார்மீசான் சீஸே மலையாகக் குவிந்து கிடக்கிறது. மலைமேல் இருப்பவர்களுக்கு மக்கரோனியும் ரவியோலியும் செய்து, கோழிச்சாற்றில் வேகவைத்து, கீழே எறிவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவை இன்றைய நியோக்கி மாதிரி உருண்டைகளாகத்தான் இருந்திருக்கும் என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சீஸ் மலைமேல் உருண்டு வர உருண்டைதானே வசதி!

இங்கிலாந்தில் அது பட்டை. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபோர்ம் ஆஃப் கியூரி’யில் ‘மக்கெரூன்ஸ்’ என்று ஒரு குறிப்பு வருகிறது. மாவை மெல்லிதாக விரித்துத் துண்டு போட்டு, தண்ணீரில் வேகவைத்து, அடியிலும் மேலுமாகத் துருவிய சீஸும் வெண்ணெயும் போட வேண்டும். அவ்வளவுதான், ஓட்டை கிடையாது. ‘மேக் அண்ட் சீஸ்’ அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

ஓட்டை தெளிவாக எழுதப்படுவது 15ஆம் நூற்றாண்டில், மார்ட்டினோ என்ற பெரும் சமையல்காரரின் நூலில். அவர் ‘சிசிலி மக்கரோனி’ என்ற தலைப்பில் மாவை மெல்லிய இரும்புக் கம்பியில் சுற்றி, உருட்டி, கம்பியை உருவச் சொல்கிறார். பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். ஆகஸ்ட் நிலவில் செய்தால் இரண்டு மூன்று வருடம் கெடாது என்கிறார். வேகவைக்க அவர் கொடுக்கும் நேரம் இரண்டு மணி! அல் டென்டே என்று பல்லுக்குக் கடிபடும் பதம் பேசுகிற இன்றைய இத்தாலியர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள். அதே நூலில் ‘ரோமானிய மக்கரோனி’ என்றும் ஒன்று உண்டு, அது வெட்டிய நாடா. ஆக ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே பெயர், இரண்டு உருவம். இரண்டுக்கும் மேலே துருவிய சீஸ், வெண்ணெய்.

இதைவிட நல்ல சான்று ஒரு கவிஞரிடம் இருக்கிறது. வடஇத்தாலியத் துறவி தெயோஃபிலோ ஃபொலெங்கோ 1517இல் ‘பால்துஸ்’ என்ற நையாண்டிக் காவியத்தை வெளியிட்டார். லத்தீன் இலக்கணத்தில் வட்டாரப் பேச்சைப் போட்டுப் பிசைந்த நடை. அவருக்கு முன்பே பதுவா நகரத்தில் தீஃபி ஒதாசி போன்றவர்கள் தொடங்கிய இந்தப் பாணிக்கு மக்கரோனி நடை என்று பெயர். ஏன் இந்தப் பெயர் என்பதற்கு ஃபொலெங்கோ விளக்கம் கொடுத்தார்: மக்கரோனி என்பது மாவு, சீஸ், வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த முரட்டு நாட்டுப்புற உணவு, இந்தக் கவிதையும் அப்படித்தான். அவர் தரும் இலக்கணத்தில் சீஸ் இருக்கிறது, குழாய் இல்லை. நம்மவர்கள் தமிழும் வடமொழியும் கலந்த நடைக்கு மணியும் பவளமும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். இத்தாலியர்களுக்குச் சோற்றுப்பானை நினைவுக்கு வந்திருக்கிறது. எது நேர்மையான பெயர் என்று நான் சொல்லப்போவதில்லை.

17ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் மாவு பிசையும் பொறியும் பிழியும் அச்சும் பரவின. கம்பியில் சுற்றிக் கையால் செய்தது போய், துளையோடு மலிவாகப் பிழிந்து காயவைக்க முடிந்தது. அதுவரை கீரை தின்னிகள் என்று கேலி செய்யப்பட்ட அந்த ஊர்க்காரர்கள் மக்கரோனி தின்னிகள் ஆனார்கள். தெருவோரத்தில் கொப்பரையிலிருந்து எடுத்து, சீஸ் தூவிக் கொடுக்க, நின்றபடியே கையால் தின்றார்கள். தென்இத்தாலியில் மக்கரோனி எல்லாப் பாஸ்தாவுக்கும் பொதுப்பெயராகவே விரிந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை, நம் கரைக்கு வருவது. இத்தாலியத்தில் -ஒனே என்பது பெரியதைக் குறிக்கும் விகுதி. அது பிரெஞ்சுக்குப் போனால் -ஓன், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தால் -ஊன். பந்து பெரிதாகி பலூன், தாள் பெரிதாகி கார்ட்டூன், கூடம் பெரிதாகி சலூன். இவற்றோடு வரிசையில் நிற்பது மக்ரூன். மக்கரோனே என்ற அதே சொல் பிரெஞ்சில் பாதாம் பருப்பை நசுக்கிச் செய்யும் இனிப்புக்குப் பெயராகி, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும், மளிகைக் கடை மக்ரோனியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்த இனிப்பைப் போர்ச்சுகீசியர் தந்தது என்று ஊரில் சொல்வார்கள். பண்டம் எப்படியோ, சொல்லின் கடைசி ஒலி ஆங்கில வழியைத்தான் காட்டுகிறது. பருப்பை நசுக்குவதும் மாவைப் பிசைவதும் ஒரே சொல்லில் சேர்வதால்தான் எனக்கு அம்மக்காரே மேல் சாய்வு.

1760, 70களில் இத்தாலிப் பயணம் போய்வந்த லண்டன் பணக்காரப் பிள்ளைகள் உயர்ந்த பொய்முடியும் இறுக்கமான சட்டையுமாகத் திரிந்தார்கள். அவர்களுக்கும் மக்ரோனி என்றே பெயர். தலையில் மஞ்சள் கொண்டை வைத்த மக்ரோனி பெங்குயினுக்கு மாலுமிகள் வைத்த பெயர் அந்த மைனர்களிடமிருந்து வந்தது. அதே காலத்தில், 1769இல், எலிசபெத் ராஃபல்டு தன் சமையல் நூலில் வெந்த மக்ரோனியை க்ரீமோடும் மாவில் புரட்டிய வெண்ணெயோடும் கொதிக்கவைத்து, மேலே சுட்ட பார்மீசான் சீஸைப் பரப்பச் சொன்னார். இன்று வெள்ளைச் சாஸ் ஊற்றி ‘அவன்’ அடுப்பில் வைக்கும் மக்ரோனியின் எலும்புக்கூடு அதில் முழுசாக இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பண்டத்தோடு தாமஸ் ஜெஃபர்சன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பாரீசில் சமையல் கற்று அவர் வீட்டுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுவந்தவர், அவர் அடிமையாக வைத்திருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ். 1796இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1802 பிப்ரவரியில் விருந்துக்குப் போன மனாசே கட்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் தன் நாட்குறிப்பில் மக்ரோனி என்ற பெயரில் வந்த, மாவு மேலோடு போட்டுச் சுட்ட ஒரு பண்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலோட்டுக்குள் வெங்காயத் தண்டை அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். நெடி அதிகம், பிடிக்கவில்லை. பிற்பாடு மேற்கே தேடல் பயணம் போன மெரிவெதர் லூயிஸ்தான், வெங்காயமே இல்லை, மாவும் வெண்ணெயும்தான் என்று அவருக்கு விளக்கினார். இல்லாத வெங்காயத்தை மக்ரோனியில் கண்ட முதல் ஆள் கட்லராக இருக்கக்கூடும். 1824இல் மேரி ராண்டால்ஃப் தன் வர்ஜீனியச் சமையல் நூலில் மக்ரோனி, சீஸ், வெண்ணெய் என்று அடுக்கி அவனில் வைக்கும் முறையை அச்சேற்றினார். 1937இல் கிராஃப்ட் நிறுவனம் நாலு பேர் சாப்பிடும் பெட்டியை 19 சென்டுக்கு விற்றது. அதற்குப் பிறகு அந்நாட்டில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உண்மையான வெங்காயம் சேர்ந்தது ஆல்ப்ஸ் மலையில். வெங்காயம் சேர்ந்த மக்ரோனிக்கு மத்திய ஸ்விட்சர்லாந்தில் எல்ப்ளர்மக்ரோனன் என்று பெயர். எல்ப்ளர் என்றால் கோடையில் மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்த் தங்கும் மேய்ப்பர். மக்ரோனன், மக்கரோனியின் ஜெர்மன் உருவம். 1872 முதல் 1882 வரை கோட்ஹார்டு ரயில் சுரங்கம் தோண்ட வந்த இத்தாலியத் தொழிலாளர்களிடமிருந்து மக்ரோனி மலைக்கு ஏறியது என்று அங்கே சொல்கிறார்கள். உலர்ந்த மக்ரோனி எடை குறைவு, கெடாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் சீக்கிரம் கெடாது. சீஸும் க்ரீமும் மேலேயே கிடைக்கும். உருளைக்கிழங்கையும் மக்ரோனியையும் ஒரே பானையில் வேகவைத்தால் விறகு மிச்சம். யாரும் உட்கார்ந்து யோசித்த சமையல் அல்ல, மேய்ப்பன் குடிசையில் இருந்ததை வைத்துச் செய்தது. மேலே பழுப்பேறிய வெங்காயம்.

இதையே மேலோடு மொறுமொறுக்க அவனில் வைத்தும் செய்யலாம், அப்படி வைப்பதை பிரெஞ்சில் கிராத்தான் என்பார்கள். கிராத்தே என்றால் சுரண்டு. பானையின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்ததுதான் முதலில் கிராத்தான், நம் சோற்றுப்பானைக் காந்தல் மாதிரி. பிறகு அந்தச் சொல் அடியிலிருந்து மேலே ஏறி, சீஸ் முறுகிய மேல்தோலுக்குப் பெயரானது. பாரீசில் மேல்தட்டு மனிதர்களையும் கேலியாக கிராத்தான் என்பதுண்டு.

இனி மேலே போடும் பழுப்பு வெங்காயம். அதைக் கேரமலாக்குவது என்ற வழக்குதான் பாதிப் பொய். கேரமல் சர்க்கரை தனியாகக் கருகி வருவது, கரும்புச் சர்க்கரையில் அது நடக்க ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். ஈரம் இருக்கும்வரை வெங்காயம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பில் பெரும் பங்கு, லூயி காமில் மெய்யார் 1912இல் விவரித்த வினையினுடையது, அதாவது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறமாவது. பெயர் எதுவானாலும் அவசரம் கூடாது. பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று எழுதும் குறிப்புகளை நம்பாதீர்கள். ஒரு கிலோ பெல்லாரி வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, வெண்ணெயும் உப்பும் சேர்த்து, சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது கிளற வேண்டும். நாம் வழக்கமாக நிறுத்தும் பொன்னிறத்தைத் தாண்டி, கால்பங்காகச் சுருங்கிக் கரும்பழுப்பாக வேண்டும். அடியில் ஒட்டுவதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேருங்கள். சுவை அங்கேதான் இருக்கிறது.

மக்ரோனியைப் பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மிச்சம் அவனில் வேகும். சீஸை அடுப்பை அணைத்தபிறகு வெள்ளைச் சாஸில் கலக்குங்கள், கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். கிரூயேர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதிர்ந்த செடார். மொசரெல்லா நூல் விடும், சுவை தராது. பாதி வெங்காயத்தை உள்ளேயும் பாதியை இறக்கியபின் மேலேயும் போட்டால், அவனில் கருகாது. 200 டிகிரியில் இருபது நிமிடம். ஸ்விட்சர்லாந்தில் இதோடு ஆப்பிளை வேகவைத்து மசித்துப் பக்கத்தில் வைப்பார்கள். விநோதமாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள், இத்தனை சீஸுக்கும் வெண்ணெய்க்கும் நடுவே புளிப்பென்று இருப்பது அது ஒன்றுதான்.