கூடிக் கேட்ட செவிகள்

1957-இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதன் விளைவாக அமெரிக்காவில் அயல்மொழி வகுப்புகள் மாறின என்றால் வியப்பாக இருக்கலாம். மறு ஆண்டு அங்கு இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியல், கணிதத்தோடு அயல்மொழிகளுக்கும் பொருளுதவி அளித்தது. மொழி ஆய்வுக்கூடங்கள் பெருகின. மாணவன் தடுப்புக்குள் தனியே அமர்ந்து, ஒலிநாடாவில் வரும் வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வான். அவனுக்குப் புரிந்ததா என்று நாடா கேட்பதில்லை.

புரிவதும் எளிதன்று. அச்சில் சொற்களுக்கிடையே காணும் இடைவெளி ஒலியலையில் பெரும்பாலும் இராது. 'பட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் நடுவேதான் ஒரு கணம் ஒலி அடங்குகிறது! சொல் எங்கே முடிகிறது என்பதைக் கேட்பவனின் மூளையே தீர்மானிக்கவேண்டும். பழகாத மொழியில் அது தடுமாறுகிறது.

இதற்குத் துணைசெய்த ஒரு முறை, மொழிக்காகப் பிறந்ததே அன்று. 1971-இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது பூசல் மூண்டது. உளவியல் அறிஞர் எலியட் ஆரன்சன் பாடத்தை ஆறு துண்டுகளாக்கி, குழுவின் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். பிறர் பகுதியை அவர் வாய்மொழியாகக் கேட்டே அறியவேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும்! ஒரு குழுவில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத சிறுவன் ஒருவன் திக்கித் திணறினான். மற்றவர்கள் கேலி செய்தனர். கேலியால் தேர்வில் விடை கிடைக்காது என்பது விளங்கியதும் பொருத்தமான கேள்விகள் கேட்கலாயினர். அவனும் நாளடைவில் தெளிவாகப் பேசினான். வெட்டுப்படப் புதிரின் பெயரால் இம்முறை 'ஜிக்சா' எனப்பட்டது.

செவிப்பயிற்சியிலும் இதே உத்தி வந்தது. 1979-இல் மேரியன் கெடஸ், கில் ஸ்டர்ட்ரிட்ஜ் ஆகிய இருவர் வெளியிட்ட 'லிசனிங் லிங்க்ஸ்' என்னும் ஆங்கிலப் பயிற்சி நூலில் ஒரே பொருள்பற்றி மூன்று பதிவுகள் இருந்தன. மூன்று குழுக்கள் ஆளுக்கொரு பதிவைக் கேட்கும். பிறகு கலந்து பேசினால்தான் முழுச் செய்தி தெரியவரும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் இதற்குக் கைகொடுத்தது. பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மூன்று சிறு கருவிகள் போதும்.

குறைகளும் உண்டு. ஒரே அறையில் மூன்று கருவிகள் முழங்கினால் ஒன்றும் கேளாது. எல்லாரும் ஒரே தாய்மொழியினர் என்றால் விவாதம் விரைவில் அம்மொழிக்கே தாவிவிடும். ஆயினும் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. புரியாத இடத்தில் நாடாவைப் பின்னோக்கி ஓட்டும் பொத்தான் இப்போது ஆசிரியர் கையில் இல்லை, குழுவின் கையில் இருந்தது.